இடக்கண் காஞ்சியில், வலக்கண் ஆரூரில்

கண் மங்கத் தொடங்கிய நாளிலேயே அம்மா வேண்டிக்கொண்டுவிட்டார். பார்வை திரும்பினால், கண்ணிழந்து ஊர் ஊராகப் பாடிப் போய்ப் பார்வை பெற்ற சுந்தரர் போன வழியிலேயே போக வேண்டும். திருவொற்றியூரில் தொடங்கி, திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் தந்தவரைத் தொழுது, காஞ்சியில் இடக்கண்ணுக்கும் ஆரூரில் வலக்கண்ணுக்கும் நன்றி சொல்லித் திரும்ப வேண்டும். இரண்டு கண்ணும் தெளியாமல் படியிறங்க மாட்டேன் என்று அவர் பிடிவாதமாக இருந்ததால், வேண்டுதலுக்கும் பயணத்துக்கும் இடையில் மூன்று ஆண்டுகள் கழிந்துவிட்டன. இப்போது அவருக்கு வயது 71.

முதலில் அதைக் கண்புரை என்றுதான் நினைத்தோம். ஆனால் விடியற்காலையில் பூஜையறை விளக்கைச் சுற்றிப் புகை படர்ந்தது போலத் தெரிகிறது என்றும், மதியத்துக்கு மேல் கொஞ்சம் தெளிகிறது என்றும் அம்மா சொன்னதைக் கேட்டதுமே மருத்துவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கருவிழியின் உட்புறத்தில் ஒரே அடுக்காக இருக்கும் உயிரணுக்கள் ஓயாமல் நீரை வெளியே இறைத்துக்கொண்டிருப்பதால்தான் கருவிழி கண்ணாடி போல் இருக்கிறதாம். அவை குறைந்தால் நீர் கோத்துக்கொள்கிறது. இரவெல்லாம் இமை மூடியிருப்பதால் அந்த நீர் ஆவியாக வழியில்லாமல் காலையில் மூட்டம் போடுகிறது. வியன்னாவின் எர்ன்ஸ்ட் ஃபுக்ஸ் 1910-இல் விவரித்ததால் அவர் பெயராலேயே அழைக்கப்படும் நோய் இது. மனிதக் கண்ணில் அந்த உயிரணுக்கள் மறுபடி வளர்வதில்லை. இறந்துபோன ஒருவரின் கண்ணிலிருந்துதான் அவை வர வேண்டும்.

கண் வங்கியில் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தோம். தொலைபேசியில் கேட்ட போதெல்லாம் உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறது, கூப்பிடுகிறோம் என்ற ஒரே பதில்தான் வந்தது. கண்ணிழந்து வந்து நின்று, கோயிலுக்குள் இருக்கிறீரா என்று கேட்ட தோழர் சுந்தரரிடமே 'உளோம் போகீர்', அதாவது இருக்கிறோம், போங்கள் என்று சொல்லி அனுப்பிய இறைவன் அல்லவா, நமக்கு மட்டும் உடனே கதவைத் திறந்துவிடுவானா என்று அம்மா தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

அழைப்பு வந்தபோது வேறொரு சிக்கல் முளைத்தது. வலக்கண்தான் அதிகம் கெட்டிருக்கிறது, அதை முதலில் செய்ய வேண்டும் என்றார் மருத்துவர். வரிசை மாறுகிறதே, காஞ்சியல்லவா முதலில் என்று அம்மாவின் முகம் வாடியது. அன்றிரவு வெகுநேரம் விழித்திருந்து அவரே ஒரு சமாதானம் கண்டுபிடித்தார். சந்நிதியில் எதிரே நின்றால் நம்முடைய வலப்பக்கம் சுவாமிக்கு இடப்பக்கம்தானே, அவர் கணக்கில் இதுதான் இடக்கண் என்றார். இதற்கு மறுப்புச் சொல்லும் அளவுக்கு எனக்குச் சைவ சித்தாந்தம் தெரியாது.

முன்பெல்லாம் கருவிழி முழுவதையும் வட்டமாக வெட்டியெடுத்துத் தைத்திருக்கிறார்கள். இப்போது நெதர்லாந்து மருத்துவர் கெரிட் மெல்லஸ் 2006-இல் செய்து காட்டிய முறையில், தலைமுடியின் பருமன் கூட இல்லாத அந்த உள் அடுக்கை மட்டும் உரித்தெடுத்து மாற்றுகிறார்கள். உரித்தவுடன் அது ஓலைச்சுருள் போலத் தானாகவே சுருண்டுகொள்ளுமாம். கண்ணுக்குப் புலப்படுவதற்காக நீலச் சாயம் ஏற்றி, உள்ளே செலுத்தி, நேரடியாகத் தொடாமலேயே விரித்து, அடியில் ஒரு காற்றுக் குமிழியை விட்டு மேலே ஏந்திப் பிடிக்கச் செய்கிறார்கள். குமிழி தன் வேலையைச் செய்ய வேண்டுமானால் நோயாளி அசையாமல் மல்லாந்து கிடக்க வேண்டும். அம்மா உத்தரத்தைப் பார்த்தபடி, உதடு மட்டும் அசைய, அன்று எத்தனை பதிகம் சொன்னாரோ! ஒரு குமிழி காற்றில் பார்வையைத் தாங்கி நிறுத்தும் வித்தையை மனிதனுக்குக் கற்றுக்கொடுத்தவன் யார் என்று கேட்டால் எனக்கு ஒரு பதில்தான் உண்டு. மருத்துவர் வேறு பதில் சொல்லலாம். அவரை நோக்கியும் நான் கைகூப்பத்தான் செய்தேன். ஒன்பது மாதம் கழித்து இன்னொருவரின் கண்ணிலிருந்து இடப்பக்கமும் ஆயிற்று.

திருவொற்றியூரில் மகிழ மரத்தடியில் விழுந்து வணங்கிவிட்டு, வடிவுடையம்மனைக் கண்ணாரக் கண்டு, திருவெண்பாக்கத்து இறைவன் இப்போது இருக்கும் பூண்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் உச்சிக்காலம் முடிந்து நடை சாத்திவிட்டார்கள். மறுபடி திறக்கும் வரை ஏரிக்கரையில் மர நிழலில் உட்கார்ந்திருந்தோம். பழைய திருவெண்பாக்கம் கோயில் இருந்த இடம் இந்த நீருக்குள்தான் இருக்கிறது. 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட சத்தியமூர்த்தி சாகர் நீர்த்தேக்கத்துக்காக ஊன்றீஸ்வரரை மேட்டுக்கு இடம் மாற்றினார்கள். சென்னையின் தாகம் தீர்க்கத் தன் வீட்டையே விட்டுக்கொடுத்தவர் என்று நினைத்தபோது, காத்திருந்த எரிச்சல் தணிந்துவிட்டது. உள்ளே கோலூன்றி நிற்கும் சுந்தரரையும் கொம்பு முறிந்த நந்தியையும் அம்மா விட்டு விட்டுப் பார்த்தார். மூன்று ஆண்டுகள் கையில் பிடித்து நடந்த தடியைக் கூடவே கொண்டுவந்திருந்தார். அதைச் சந்நிதிப் படியில் சற்று நேரம் சாத்தி வைத்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டார். வயதாகிவிட்டதே, கண் தெரிந்தாலும் முழங்கால் இருக்கிறதே என்றார்.

காஞ்சியை அடைந்தபோது இரவாகிவிட்டது. அன்று ஏதோ விசேஷ நாள் போலிருக்கிறது, தெருவிலேயே கால் வைக்க இடமில்லை. வண்டியிலிருந்து இறங்கியதும் ஒருவர் ஓடிவந்து, நடை சாத்தப் போகிறார்கள், 500 ரூபாய் கொடுத்தால் நேராக உள்ளே அழைத்துப் போகிறேன் என்றார். மறுத்ததும், வயதானவரை இப்படி அலைக்கழிக்கலாமா என்று எனக்கே புத்தி சொன்னார். அதற்குப் பிறகு முக்கால் மணி நேரத்துக்கு மேல் நடை திறந்தே இருந்தது என்பதை அவருக்குச் சொல்லத் தேடினேன், கிடைக்கவில்லை. வரிசையில் யாருடைய முழங்கை எப்போது அம்மாவின் கண்ணில் படுமோ என்று நான் அவர் முகத்துக்கு முன்னால் கையை வேலி போல் நீட்டிக்கொண்டே நகர்ந்தேன். அந்த நெரிசலில்தான், மருத்துவமனைச் சுவரில் படித்த ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. மனிதக் கண்ணில் முதன்முதலாகக் கருவிழி மாற்றி வெற்றி கண்டவர் எட்வர்ட் ஸிர்ம். 1905-இல், இன்று செக் நாட்டில் இருக்கும் ஓலொமோட்ஸ் என்ற ஊரில், சுண்ணாம்பு பட்டுப் பார்வை போன ஒரு தொழிலாளியின் இரு கண்களுக்கும் செய்தார். ஒன்றில் மட்டுமே அது நிலைத்தது. ஏகம்பர் முன்னால் நின்று அதை நினைக்கையில் உடல் சிலிர்த்தது. அவர் எந்த ஊரிலும் முதலில் ஒன்றைத்தான் கொடுப்பார் போலிருக்கிறது.

மறுநாள் மாலை திருவாரூர். கமலாலயத்தில் தலை முழுக வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. தண்டியடிகள் கண்ணில்லாமல் கயிற்றைப் பிடித்துத் தூர் வாரிப் பார்வை பெற்ற குளம் அல்லவா? ஆனால் குளத்து நீர் கண்ணில் படவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், கடைசிப் படியில் கால் நனைத்ததோடு நிறுத்திக்கொண்டார். சாயரட்சைக்குச் சரியாக உள்ளே போய்விட்டோம். தியாகராஜரின் திருமுகம் மட்டும் பூக்குவியலுக்கு நடுவே தெரிய, தீபம் உயர்ந்தபோது அம்மா இமைக்கவே இல்லை. கண்ணீர் வந்தால் துடைக்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவர் ஒற்றவும் இல்லை, வழியவிட்டார்.

அர்ச்சனைத் தட்டை வாங்கிய குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டார். எங்கள் பெயர்களைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டு, கண் கொடுத்தவர்கள் இரண்டு பேர், அவர்களுக்குத்தான் அர்ச்சனை, பெயர் தெரியாது என்றார். கொடுத்தவர் யார் என்பதைப் பெற்றவருக்குச் சொல்லக் கூடாது என்பது விதி. அப்படியானால் சுவாமி பெயருக்கே செய்துவிடலாம் என்றார் குருக்கள். சுவாமிக்கு என்ன குறை, அவர்களுக்குச் செய்யுங்கள் என்று அம்மா நகராமல் நின்றார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. குருக்கள் ஒரு கணம் அம்மாவின் கண்களைப் பார்த்தார். கோத்திரம் தெரியாவிட்டால் சிவகோத்திரம், நட்சத்திரம் ஏதாவது உண்டா என்றார். அம்மா தயங்காமல், கண் வந்த நாளின் நட்சத்திரம் தெரியும், ஒருவருக்குச் சுவாதி, மற்றவருக்கு ரோகிணி என்றார். நாட்காட்டியில் பார்த்து மனத்தில் எழுதி வைத்திருந்தார் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. "சிவகோத்திரம், சுவாதி நட்சத்திரம், நேத்திரதாதா" என்று அந்தக் குரல் கருவறைக்குள் ஒலித்தபோது என்னால் நிற்க முடியவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஒரு கண்ணைத் தானே பெயர்த்து அப்பிக் கண்ணப்பரான திண்ணனாருக்கு ஊரும் பேரும் உண்டு. துக்கம் நடந்த வீட்டில், ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று சொல்லி வந்தவர்களிடம், அழுதுகொண்டே சரி என்று தலையசைத்த அந்த இரண்டு குடும்பங்களை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன்?

வெளியே வந்து கமலாலயக் கரையில் உட்கார்ந்தோம். எட்டு மணிச் சொட்டு மருந்து விட வேண்டிய நேரம். புட்டியைக் குலுக்கிவிட்டு, எந்தக் கண்ணுக்கு முதலில் என்று கேட்டேன். அம்மா முகத்தை நிமிர்த்தி, இடது கண்ணைக் காட்டி, "இது காஞ்சி, இதற்கு முதலில் விடு" என்றார்.