மலை ஏறும் ஓட்டுநரைத் தூங்க விடுங்கள்

மே மாதம் வந்தாலே குன்னூர் சாலையைப் பார்த்து எனக்குப் பயம்தான். சென்னையிலிருந்து ராத்திரி முழுக்க வேன் ஓட்டி வந்தவர் மேட்டுப்பாளையத்தில் ஒரு டீ குடித்துவிட்டு, கல்லாறு தாண்டி அப்படியே கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிவிடுகிறார், அன்றைக்கே தொட்டபெட்டா, பைக்காரா, அப்புறம் சாயங்காலமே இறக்கம்.

1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் பொதுவாக ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 என்று வரம்பு வைத்தது, 5 மணி நேரத்துக்கு மேல் போகுமுன் அரை மணியாவது ஓய்வு தரச் சொன்னது. அது பெரிய கம்பெனிகளுக்குத்தானே என்பார்கள். இல்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 91ஆம் பிரிவு, வாடகை வண்டி ஓட்ட வைக்கப்படும் யாருக்கும் அதே நேரக் கணக்கைத்தான் காட்டியது.

இறக்கம்தான் ஆபத்து. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும், ஆனால் தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் கியரைக் குறைக்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வருவார், அது சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். எத்தனை வருஷ லைசென்ஸ் இருந்தாலும் சரி, தூங்காத கண்ணுக்கு வளைவு தெரியாது.

வண்டி பேசும்போதே ஓட்டுநருக்கும் ஒரு படுக்கை சேர்த்துப் பேசுங்கள். ஊட்டிக் குளிரில் சீட்டில் கால் மடக்கிப் படுப்பதெல்லாம் தூக்கமே இல்லை. வந்து சேர்ந்த அன்றைக்கு அவரைப் படுக்க விட்டுவிட்டு, சுற்றிப் பார்ப்பதை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள்.