கோணம் தேடிப் போன ஐந்தாம் வகுப்பு

ஜூலை 8, செவ்வாய்

ஐந்தாம் வகுப்பில் இன்று கோணம் தொடங்கியாயிற்று. இந்த முறை பிள்ளைகளே வெளியே கோணங்களைத் தேடிப் போன் கேமராவில் படம் எடுத்துப் படிப்பதாகத் திட்டம். பாகைமானியை வெளியே எடுக்கவில்லை, இந்த வாரம் எடுக்கப் போவதும் இல்லை. முதல் நாளே அதைக் கையில் கொடுத்தால் கோணம் என்பது பிள்ளைகளுக்கு வெறும் எண்ணாகிவிடும். ஒன்று எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதுதானே கோணம்? அதை முதலில் உடம்பு அறியட்டும் என்று எல்லோரையும் எழுப்பி நிறுத்தினேன். ஒரு கை நேராக நீட்டியபடி அசையாமல் இருக்க வேண்டும், மற்ற கை கால் சுற்று, அரைச் சுற்று என்று திரும்ப வேண்டும். கதவையும் திறந்து திறந்து மூடினோம்.

அப்புறம் ஆளுக்கொரு பழைய நோட்டுத் தாள். ஓரம் எப்படிக் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. ஒரு மடிப்பு, அந்த மடிப்பின் விளிம்பு தன் மேலேயே படியும்படி இன்னொரு மடிப்பு. கிடைக்கிற மூலை 90 பாகை, அதாவது செங்கோணம். "இது எங்க அப்பா வச்சிருக்க மூலைமட்டம் மாதிரி இருக்கு டீச்சர்" என்றாள் கொத்தனார் வீட்டுப் பெண். மடித்த தாளுக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

கரும்பலகையில் ஒரு செங்கோணத்தைச் சாய்த்து வரைந்தேன். வகுப்பில் பெரும்பாலானோர் "இது செங்கோணம் இல்ல" என்றார்கள். புத்தகத்தில் செங்கோணம் எப்போதும் நிமிர்ந்தே நிற்கிறது, ஒரு கரம், அதாவது ஒரு கோடு, தரையில், மற்ற கரம் வானத்தில். பிள்ளைகள் அதைத்தானே பார்த்திருக்கிறார்கள்! கேமராவைக் கொண்டுவரலாம் என்று நான் நினைத்ததற்கு முதல் காரணமே இதுதான். வெளியே இருக்கிற கோணங்கள் புத்தகத்துக்குக் கட்டுப்பட்டு நிற்பதில்லை.

ஜூலை 10, வியாழன்

என் போனும், துறை கொடுத்த டேப்லெட்டும். இருவர் இருவராக மைதானத்துக்கு அனுப்பினேன். படம் எடுப்பதற்கு முன்னால் ஒருவர் விரலால் முனையைத் தொட வேண்டும், இரண்டு கரங்களையும் தடவிக் காட்ட வேண்டும், செங்கோணமா, அதைவிடச் சிறிய குறுங்கோணமா, பெரிய விரிகோணமா என்று சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் மற்றவர் படம் எடுக்கலாம். இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் நூறு படம் சேரும், ஒரு கோணம்கூடச் சேராது.

என்னென்ன கிடைத்தன! குடைக் கம்பி, செருப்பு வார், ஓட்டுக்கூரையின் முகடு, முருங்கைக் கிளை பிரியும் இடம், உட்கார்ந்திருந்த நண்பனின் முழங்கால். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் படுத்திருந்த நாயின் பின்னங்காலை எடுத்தவன், "இது படுத்தா குறுங்கோணம், நின்னா விரிகோணம் டீச்சர்" என்றான். ஒரே மூட்டில் இரண்டு கோணம். திருப்பம் என்பதை நான் அரைமணி நேரம் சொன்னதைவிட அவன் ஒரே வரியில் தெளிவாகச் சொல்லிவிட்டான்.

ஜூலை 14, திங்கள்

படங்களைத் திரையில் போட்டோம். இன்றைய வகுப்பு எங்கள் வகுப்பறை ஜன்னல் படத்திலேயே நின்றுவிட்டது.

வராந்தாவின் ஓரத்தில் நின்று பக்கவாட்டில் எடுத்த படம். செங்கோணம் என்று அந்த ஜோடி சொல்லியிருந்தது. திரையில் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால் பொருந்தவில்லை. ஒரு மூலை சிறுத்திருந்தது, அதற்கு அடுத்த மூலை விரிந்திருந்தது. "ஜன்னலே கோணல்" என்று ஒரு கட்சி, "படம்தான் கோணல்" என்று ஒரு கட்சி. நான் எதுவும் சொல்லவில்லை. மூலைமட்டத்தோடு ஓடிப்போய் நிஜ ஜன்னலின் நான்கு மூலைகளிலும் வைத்துப் பார்த்தார்கள். நான்கும் கச்சிதம்.

அப்படியானால் படம் ஏன் மாறியது? அதே ஜன்னலை இடப்பக்கம் நின்று, வலப்பக்கம் நின்று, தரையில் உட்கார்ந்து, ஸ்டூல் மேல் ஏறி என்று எடுத்துத் தள்ளினார்கள். நேர் எதிரே நின்று, ஜன்னலின் நடு உயரத்தில் போனைப் பிடித்து, சாய்க்காமல் எடுத்த படத்தில் மட்டும் மூலைமட்டம் உட்கார்ந்தது. கேமரா செட்டிங்கில் கட்டக் கோடுகளைப் போட்டுக் கொடுத்தேன், ஜன்னல் சட்டம் அந்தக் கோடுகளோடு ஒட்டிப் போகிறதா என்று பார்த்துக்கொள்ள. சட்டத்தைப் படத்தின் ஓரம் வரை நிரப்பாமல் நடுவில் வைப்பதும் நல்லது. அகலமாகப் பிடிக்கும் லென்ஸில் ஓரத்து நேர்கோடுகள் லேசாக வளையும்.

போட்டோவில் கோணம் அளப்பது எளிது என்று சொல்பவர்கள் இந்த ஒரு நாளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கோணம் கிடக்கும் தளமும் போனின் முகமும் இணையாக இருந்தால்தான் படத்தில் இருப்பது உண்மைக் கோணம். எங்கே நின்று பார்த்தாய் என்று கேட்காமல் அளவை நம்பக் கூடாது என்பதைப் பத்து வயதுப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்க முடிகிறது. அதற்காக ஒரு முழு வகுப்பைக் கொடுப்பதில் எனக்குத் துளியும் தயக்கம் இல்லை.

ஜூலை 17, வியாழன்

நேராக எடுத்த படங்களைத் தாளில் அச்சிட்டு, இன்று பாகைமானியைக் கொடுத்தேன். முனையில் நடுப்புள்ளி, ஒரு கரத்தின் மேல் சுழியக் கோடு. உள்ளே ஒரு வரிசை எண், வெளியே ஒரு வரிசை. 60 இருக்க வேண்டிய இடத்தில் 120 என்று எழுதுவது ஒவ்வோர் ஆண்டும் நடப்பதுதான். ஆனால் இந்த முறை அளப்பதற்கு முன்பே படத்தின் ஓரத்தில் தங்கள் மதிப்பீட்டை எழுத வைத்திருந்தேன். செங்கோணத்தைவிடச் சிறிது என்று எழுதியவள் 120ஐப் பார்த்ததும் தானே நிறுத்தி மற்ற வரிசையைப் பார்த்தாள்.

ஜூலை 21, திங்கள்

டேப்லெட்டில் ஜியோஜிப்ரா என்ற கணிதச் செயலி. படத்தைப் பின்னணியில் வைத்து, கரத்தில் ஒரு புள்ளி, முனையில் ஒரு புள்ளி, மற்ற கரத்தில் ஒரு புள்ளி வைத்தால் கோணத்தைச் சொல்லிவிடும். குடைக் கம்பிக்கு ஒரு ஜோடி 35 என்றது, அதே படத்துக்கு இன்னொரு ஜோடி 325 என்றது. இரண்டும் சரி. புள்ளிகளைத் தொடும் வரிசையை மாற்றினால் செயலி மறுபக்கத்துத் திருப்பத்தை அளக்கிறது. அரைச் சுற்றைத் தாண்டிய பின்வளை கோணம் இப்படித் தானாக வந்து சேர்ந்தது.

இன்னொன்று. கரம் நீண்டால் கோணம் பெரிதாகும் என்ற எண்ணம் சிலரிடம் இன்னும் இருந்தது. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கச் சொன்னேன். கம்பி திரை முழுக்க நீண்டது, கோணம் அசையவே இல்லை. உடனே ஒருவன் படத்தைப் பக்கவாட்டில் மட்டும் பிடித்து இழுத்தான். புள்ளிகளை மறுபடி வைத்துப் பார்த்தால் கோணம் மாறியிருந்தது. இது என் திட்டத்தில் இல்லாதது. எல்லாப் பக்கமும் ஒரே மடங்கில் வளர்ந்தால் கோணம் மாறாது, ஒரு பக்கம் மட்டும் வளர்ந்தால் மாறும். அளவு மாறினாலும் வடிவம் மாறாதவற்றை வடிவொத்தவை என்று மேல் வகுப்பில் படிக்கப் போவதன் வேர் இது.

ஜூலை 22, செவ்வாய்

குமரி மாவட்டத்துக் கணவாய் ஊரான ஆரல்வாய்மொழியில் பாடம் நடத்துகிறவளுக்குக் காற்றாலையைவிட நல்ல கோணக் கருவி கிடைக்குமா? மைதானத்திலிருந்து பார்த்தால் வரிசையாக நிற்கின்றன. பிள்ளைகள் பிறந்ததிலிருந்து பார்க்கும் "காத்தாடி".

மூன்று ரெக்கை, ஒரு முழுச் சுற்று 360. ஆக, இரண்டு ரெக்கைக்கு நடுவே 120. இதை வகுப்பிலேயே சொல்லிவிட்டார்கள். ஆனால் சுற்றுகிற ஒன்றைப் போனில் எடுத்து அளந்தபோது எண்கள் முன்னும் பின்னுமாக வந்தன. போன் கேமரா ஒரு படத்தை ஒரே கணத்தில் மொத்தமாகப் பிடிப்பதில்லை, வரிசை வரிசையாகப் படிக்கிறது. மேல் வரிசையைப் படித்துவிட்டுக் கீழே வருவதற்குள் ரெக்கை கொஞ்சம் நகர்ந்துவிடும். ஆடிக் காற்றில் சின்னக் காற்றாலைகள் வேகமாகச் சுற்றும்போது இது சில பாகைகள் வரை போகும்.

நல்ல வேளை, இரண்டு காற்றாலைகள் நின்றிருந்தன. ஒன்று எங்களுக்கு ஏறக்குறைய நேர் முகமாக இருந்தது: 119, 121, 120. மற்றது பக்கவாட்டாகத் திரும்பி, ஒரு ரெக்கை வானத்தைப் பார்த்து நின்றது. மேலே இரண்டு பக்கமும் 129, கீழே 102. ஜன்னல் பாடம் நினைவிருந்ததால் யாரும் அதிர்ச்சி அடையவில்லை. "நாம நேரா நிக்கல" என்றார்கள்.

அதிகம் பேசாத ஒரு பெண் நோட்டில் மூன்றையும் கூட்டிக்கொண்டிருந்தாள். 360. நேர்முகப் படத்தையும் கூட்டினாள். 360. "எங்க நின்னு எடுத்தாலும் கூட்டினா மாறல டீச்சர்." நான் கேட்காத கேள்வி, அவளே கேட்டு அவளே விடை சொன்னது. மற்றவர்கள் நம்பாமல் இன்னும் மூன்று படம் எடுத்துச் சரிபார்த்தார்கள். படத்தில் எது மாறும், எது மாறாது என்று இரண்டு பத்தி போட்டுப் பலகையில் எழுதினோம். அழிக்க வேண்டாம் என்று அடுத்த வகுப்புக்கு வந்த சாரிடம் கேட்டுக்கொண்டேன்.

ஜூலை 25, வெள்ளி

பள்ளி வாசலில் சக்கர நாற்காலிக்கான சாய்தளம். எத்தனை பாகை என்றதற்கு 30, 40 என்று மதிப்பிட்டார்கள். தரை மட்டத்தில் போனை வைத்துப் பக்கத்திலிருந்து எடுத்து அளந்தால் 5. யாரும் நம்பவில்லை. ஓர் அடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது இதற்கான விதி, அது 5 பாகைக்கும் சற்றுக் குறைவு என்று சொன்னேன். போன வருடம் கால் முறிந்து சக்கர நாற்காலியில் வந்த பையன், "அதுக்கே தள்ளுறவங்களுக்கு மூச்சு வாங்கும்" என்றான். 30 பாகையில் நாற்காலி என்னவாகும் என்று கைகளால் காட்டிப் பார்த்துக்கொண்டார்கள்.

ஜூலை 28, திங்கள்

காற்றாலைகள் எல்லாம் ஏன் ஒரே பக்கம் பார்க்கின்றன என்ற கேள்வி இன்று வந்தது. காற்று வரும் திசைக்கு அதுவே முகத்தைத் திருப்பிக்கொள்ளும், இப்போது கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கிறது என்றேன். "அப்போ ஐப்பசியில திரும்பிருமா? நம்ம படமும் மாறிருமா?" மாறும். மைதானத்தில் நின்று எடுத்த இடத்தில் ஒரு கல்லைப் புதைத்துச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். வடகிழக்குக் காற்று தொடங்கியதும் அதே கல்லின் மேல் நின்று மறுபடி எடுப்பதாக ஏற்பாடு. அதற்கு முன் மதிப்பீட்டை எழுதி வைக்க வேண்டும் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். ஆளுக்கொரு தாள் வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன்.