பத்மினிக்குப் பிரேக் ஆயில் மாற்றியது: டாட் 4-ஐ ஏன் எடுத்தேன்

திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலைக்குப் போய் வரவேண்டும் என்றுதான் இந்த வேலையைத் தொடங்கினேன். ஏறி இறங்க 18 கொண்டை ஊசி வளைவுகள். என் பிரீமியர் பத்மினி காரில் நாலு சக்கரமும் டிரம் பிரேக்; ஷூ என்கிற பட்டைகள் சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும். இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம்மின் சூடு, ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டருக்குள் இருக்கும் ஆயிலுக்கும் ஏறிவிடும். ஆயிலில் தண்ணீர் சேர்ந்திருந்தால் சீக்கிரமே கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், பெடல் தரைவரை இறங்கும், வண்டி நிற்காது.

பிரேக் ஆயில் நிற்கும் ரிசர்வாயரின் மூடியைத் திறந்தால் உள்ளே கடுங்காப்பி நிறம்.

"இந்த வண்டிக்கு டாட் 3 போதும் தம்பி" என்றார் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை. டவுனுக்குள் ஓட்ட 3 போதும்தான். டாட் 3 புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. டாட் 4-க்கு அது 230. 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிய பிறகு பார்த்தால் டாட் 3-க்கு 140, டாட் 4-க்கு 155. மலை இறக்கத்துக்கு இந்தப் பின் கணக்குதான் முக்கியம். இந்த இரண்டு ஆயிலும் பாட்டிலைத் திறந்த நாள்முதல் காற்றின் ஈரத்தை இழுக்கும், நம் ஊர் ஐப்பசி மழைக்குக் கேட்கவே வேண்டாம். அதனால் பழைய டாட் 4-ஐவிடப் புது டாட் 3 மேல் என்பேன். விலையில் பெரிய வித்தியாசம் இல்லாததால் டாட் 4 அரை லிட்டர் பாட்டில் இரண்டு, சீல் உடையாததாகப் பார்த்து வாங்கினேன்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பலர் டாட் 5-ஐச் சொல்வார்கள். அது சிலிகான், ஊதா நிறம். ஈரத்தை இழுக்காது, பெயிண்ட்டையும் தின்னாது. ஆனால் எப்படியோ உள்ளே வந்த தண்ணீர் கலக்காமல் தாழ்வான இடத்தில் தனியாகத் தங்கும். அங்கே துரு பிடிக்கும், 100 டிகிரியிலேயே கொதிக்கும். பழைய ஆயிலோடும் சேராது. குழாய், ரப்பர் கப் எல்லாம் புதிதாகப் போட்டு, பெரும்பாலும் நிறுத்தியே வைக்கும் வண்டிக்கு அது சரி. ஓட்டுகிற வண்டிக்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. டாட் 5.1 வேறு சரக்கு. அது 3, 4 வகையறாதான்.

வேலையில் நான் அதிக நேரம் கொடுத்தது ஆயிலுக்கு அல்ல, ஷூ அட்ஜஸ்ட்மென்ட்டுக்கு. ஷூ தளர்ந்திருந்தாலும் பெடல் ஆழமாக இறங்கும். அதைக் குழாயில் காற்று புகுந்தது என்று நினைத்துப் பாட்டில் பாட்டிலாக ஆயிலை ஊற்றுவார்கள். அதனால் முதலில் டிரம் லேசாக உரசும்வரை ஷூவை இறுக்கி, பிறகு கொஞ்சம் தளர்த்தினேன். ஒவ்வொரு சக்கரத்திலும் பழைய ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் நிப்பிள்களுக்கு முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டிருந்ததால் ரிங் ஸ்பேனருக்கு அசைந்து கொடுத்தன.

பெடலில் அத்தை மகன். பெடல் அழுத்தி ஆயிலை அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான இடது பின் சக்கரத்தில் ஆரம்பித்தோம்.

"மாப்ள, மிதி... அப்படியே பிடி."

நிப்பிளைத் திறப்பேன், ஆயில் டியூப் வழியே பாட்டிலுக்கு வரும், மூடுவேன்.

"இப்ப விடு."

மூடாமல் பெடலை விட்டால் காற்று உள்ளே போகும். பெடலுக்கு அடியில் மரக்கட்டை ஒன்று வைத்திருந்தேன். பழைய மாஸ்டர் சிலிண்டரில் ரப்பர் கப் வழக்கமாகப் போகாத ஆழத்தில் துரு இருக்கலாம்; அதுவரை அழுத்தினால் ரப்பர் கிழியும். ரிசர்வாயரை வற்றவே விடவில்லை. பெயிண்ட்டில் சிந்திய துளிமேல் உடனே தண்ணீர் ஊற்றினேன். நிறம் தெளிந்து, குமிழி நின்ற பிறகே அடுத்த சக்கரம்.

பெடல் இப்போது பாதியிலேயே கெட்டியாக நிற்கிறது. அழகர்கோவில் ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு, மறு வாரம் சிறுமலை ஏறினோம். இறங்கும்போது செகண்ட் கியரில் இன்ஜினையே பிடிக்கவிட்டு, வளைவுக்கு முன்னால் மட்டும் மிதித்தேன். கடைசி வளைவிலும் பெடல் அதே உயரம்.

அடுத்து முன் சக்கர ரப்பர் ஹோஸ்களை மாற்ற வேண்டும், மேல்தோல் வெடிக்க ஆரம்பித்திருக்கிறது. அப்போது இந்த ஆயிலையும் புதிதாக்கிவிடுவேன்.