கேட்டால் மட்டும் எடுத்துக் கொடு

இங்கிலாந்தில் அறிவுசார் மாற்றுத்திறனாளிகள் நடிக்கும் ஒரு சின்ன நாடகக் குழுவில் உதவிப் பணியாளராக இருக்கிறேன் என்றால், நம்மவர்கள் முதலில் கேட்பது "அப்போ குழந்தைகள் நாடகமா?" என்றுதான். ஷேக்ஸ்பியர் என்றதும் ஒரு சிரிப்பு வரும். பாவம், அவர்களை ஏன் படுத்துகிறீர்கள் என்கிற சிரிப்பு.

உள்ளே இருந்து பார்த்தால் விஷயம் தலைகீழ். எங்கள் நடிகர்களில் பலருக்குச் சாதாரண பேச்சு வசனம்தான் கஷ்டம், அதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. செய்யுளில் தாளம் இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் வழக்கமான வரிக்குப் பத்து அசை, ஐந்து அழுத்தம். 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்தின் கடைசியில் பக் என்கிற குறும்புக்காரக் குட்டித் தேவதை வந்து சபையிடம் மன்னிப்புக் கேட்கும் பகுதி இன்னும் குட்டை வரி, நான்கே அழுத்தம், வரி முடிவில் இயைபு வேறு. எங்கள் குழுவில் பக்காக நடிப்பவருக்கு டவுன் சிண்ட்ரோம், எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அதனால் வரிகளை அவர் போனில் பதிவு செய்து கொடுத்தோம். பஸ்ஸில் கேட்டுக்கொண்டே வருவார், ஒத்திகை அறையில் அழுத்தத்துக்கு ஓர் எட்டு வைத்து நடந்தபடி சொல்வார். ஒரு சொல் விட்டுப்போனால் கால் அந்தரத்தில் நிற்கும், அவரே தவறைப் பிடித்துவிடுவார்.

பொருள் புரிந்துதான் சொல்கிறாரா என்பார்கள். ஒவ்வொரு வரியையும் முதலில் சொந்தப் பேச்சில், மக்கடன் என்கிற, பேச்சோடு கூடவே காட்டும் எளிய கைச் சைகையும் சேர்த்துச் சொல்லிப் பார்க்கிறோம். பக் நிஜமாகவே மன்னிப்புக் கேட்கிறானா, நக்கலடிக்கிறானா என்று ஒருநாள் பெரிய சண்டையே நடந்தது. "ரெண்டும்தான்" என்று முடித்துவைத்தவர் அவர்தான்.

என் வேலையில் கஷ்டமானது வாயை மூடிக்கொண்டிருப்பது. நடிகர் நின்றுவிட்டால் சொல்லை எடுத்துக் கொடுக்க நாக்கு துறுதுறுக்கும். சிலருக்கு ஒரு சொல் வாய்க்கு வர நேரம் ஆகும், நாம் முந்திக்கொண்டால் வந்துகொண்டிருந்ததும் கலைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அதனால், நடிகர் திரும்பிப் பார்த்துக் கேட்டால் மட்டும் எடுத்துக் கொடுப்பது என்று வைத்திருக்கிறோம். கூட வருகிற பெற்றோருக்கு இதைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இதெல்லாம் புதிதும் இல்லை. வின்செஸ்டரின் புளூ ஆப்பிள் தியேட்டர் 2012இல் ஹாம்லெட்டை ஊர் ஊராகக் கொண்டுபோனது, ஹாம்லெட்டாக நடித்த டாமி ஜெசப்புக்கு டவுன் சிண்ட்ரோம். அதே நாடகத்தைப் பெருவின் தியேட்ரோ லா பிளாசா, டவுன் சிண்ட்ரோம் உள்ள எட்டு நடிகர்களை வைத்து, அவர்களின் சொந்த வாழ்க்கையோடு பின்னி மேடையேற்றியது. ஆஸ்திரேலியாவின் பேக் டு பேக் குழு செவ்வியல் நாடகம் போடுவதில்லை, தாங்களே உருவாக்குவதுதான். அவர்களுக்கு 2022இல் நாடகத்துக்கான சர்வதேச இப்சன் விருது, 2024இல் வெனிஸ் நாடக விழாவில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருது. இத்தனைக்குப் பிறகும் எங்களைப் பார்க்க வருகிறவர்கள் 'மனதைத் தொட்டது' என்பதைத் தாண்டி எதுவும் சொல்வதில்லை. இரண்டாம் காட்சி இழுவை என்று யாராவது சொன்னால் சந்தோஷப்படுவேன், இழுவைதான் அது.

ஒரு காட்சியில் பக் வேண்டுமென்றே விட்ட இடைவெளியில், மறந்துவிட்டார் போல என்று முன்வரிசை கைதட்டி உற்சாகப்படுத்தியது. அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார், காத்திருந்தார், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். உள்ளே வந்ததும் "நான் இன்னும் முடிக்கவே இல்லையே" என்று ஒரே கோபம்.

அடுத்து மெக்பெத். சூனியக்காரிகளுக்கும் வரிக்கு நான்கு அழுத்தம்தான் என்று தெரிந்துகொண்டுவிட்டார்கள், அந்த மூன்று வேடத்துக்கு இப்போதே அடிதடி.