பென்சிலில் எழுதிய பெயர்

"அண்ணை, நீங்கள் எண்டால் என்ன செய்வியள்?" என்றுதான் போதகர் கேட்டார். "நீங்கள் அதை எப்பிடிப் பாக்கிறியள், பாஸ்டர்?" என்று நான் திருப்பிக் கேட்டேன். நடந்தது இவ்வளவுதான். போதகர்களுக்கு மேற்பார்வையாளராக இருக்க எனக்குப் பயிற்சியில் சொல்லித்தந்ததும் இதைத்தான். மேற்பார்வை என்றவுடன் இங்கே வீதி வேலையில் நிற்கிற ஓவசியர்தான் ஞாபகத்துக்கு வருவார், ஆனால் நாங்கள் மேலதிகாரிகள் இல்லை, முடிவு சொல்வதில்லை, மாதம் ஒருமுறை ஒன்றரை மணித்தியாலம் கூட இருந்து அவர் தன் ஊழியத்தைத் தானே திரும்பிப் பார்க்க இடம் கொடுக்கிறோம். பிழையில்லாத பதில். ஆனாலும் கிளிநொச்சியிலிருந்து மாங்குளம் வரும்வரை மோட்டார் சைக்கிளில் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

விஷயம் ஒரு கொப்பி. 2009இல் செத்தவர்களின் பெயர்கள், மே 18 ஆராதனையில் வாசிப்பதற்கு. எல்லாம் நீலப் பேனையில், ஒன்று மட்டும் பென்சிலில், அழித்து அழித்துத் தாள் மெலிந்துபோயிருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் "மகன் வருவான் எண்டு ஜெபியுங்கோ" என்று கேட்கிற அம்மா, இந்தமுறை "பேரையும் வாசியுங்கோ, ஜெபத்தையும் விடாதேங்கோ" என்றிருக்கிறார். இரண்டையும் ஒரே வாயால் எப்படிச் செய்வது என்று வந்த மனுசனிடம் நான் இன்னொரு கேள்வியைக் கொடுத்து அனுப்பினேன்.

சரி, என் பக்கமும் நியாயம் உண்டு. காணிப் பிரச்சினை, நுண்கடன், குடி என்று எல்லாவற்றுக்கும் சனம் அவரிடம்தான் வருகிறது, நான் "வாசியுங்கோ" என்றிருந்தால் அது என் சொல்லாகத்தான் அந்த அம்மாவிடம் போயிருக்கும். ஆஸ்திரேலியாவில் சிறுவர் துஷ்பிரயோகத்தை விசாரித்த அரச ஆணைக்குழு, மதப்பணியாளர்களுக்கு ஒழுங்கான மேற்பார்வை கட்டாயம் என்று 2017இல் பரிந்துரைத்ததை வகுப்புகளில் அடிக்கடி சொல்வேன், ஒருவரைத் தனியே விடக்கூடாது என்பதற்கு. அன்று அவரைத் தனியே விட்டது நான்தானே? இல்லை, அப்படியும் சொல்ல முடியாது.

அடுத்த மாதம் வந்தவர் ஒன்றரை மணித்தியாலமும் கோயில் கூரைத் தகரத்தின் விலையைப் பற்றியே கதைத்தார். மே முடிந்திருந்தது. நானும் கேட்கவில்லை.

எனக்கும் ஒரு மேற்பார்வையாளர் இருக்கிறார், யாழ்ப்பாணத்தில், ஃபோனில் கதைப்போம். முழுவதையும் கேட்டுவிட்டு, "அவர் அப்பிடிக் கேக்கேக்க உமக்கு ஆற்ற முகம் வந்தது?" என்றார். லைன் சரியில்லை அக்கா, பிறகு எடுக்கிறன் என்று வைத்துவிட்டேன், லைன் நல்லாத்தான் இருந்தது, இன்னும் எடுக்கவில்லை.