டிபி டெஸ்ட் நெகட்டிவ், அப்புறம்?

ரெண்டு வாரத்துக்கு மேல இருமல், சளில ரத்தம், எக்ஸ்ரேல ஒரு நிழல். இந்த மூணும் சேந்து வந்தா யாரா இருந்தாலும் மொதல்ல டிபின்னுதான் நினைப்பாங்க, நினைக்கவும் வேணும். என் கவலையெல்லாம் அதுக்கு அடுத்த கட்டத்துலதான். சளி டெஸ்ட் நெகட்டிவ்னு வருது, ஆனாலும் "டிபியாத்தான் இருக்கும், எதுக்கும் மாத்திரைய ஆரம்பிச்சுப் பாப்போம்"னு ஆறு மாச கோர்ஸ எழுதிடுறாங்க. டாக்டர் பக்கமும் நியாயம் இருக்கு. மைக்ரோஸ்கோப்ல டிபி கிருமி கண்ணுல படணும்னா ஒரு மில்லி சளில 5,000லேர்ந்து 10,000 கிருமியாவது இருந்தாகணும், அதுக்குக் கீழ இருந்தா ரிப்போர்ட் நெகட்டிவ்னுதான் வரும், நோய் உள்ள இருந்துக்கிட்டே இருக்கும். அதனால நெகட்டிவ்னா டிபி இல்லைன்னு அர்த்தம் இல்ல, சரி. ஆனா டிபிதான்னும் அர்த்தம் இல்லையே! அந்த எடத்துல "அப்ப வேற என்னவா இருக்கும்?"னு ஒரு கேள்வி வரணும், சில பேருக்கு அந்தக் கேள்விக்குப் பதில் ஒரு புழு.

லேப்ல ஸ்லைடு பாக்குறது என் வேலை, அதனால அங்கேர்ந்தே சொல்றேன். சளிய ஸ்லைடுல தடவி காயவச்சு, கார்பால் ஃபுக்சின்ங்கற செவப்புச் சாயத்த ஊத்தி, ஆவி கிளம்புற வரைக்கும் கீழ சூடு காட்டுவோம், கொதிக்க விடக்கூடாது. அப்புறம் ஆசிட் ஊத்தி கழுவுனா மத்ததெல்லாம் நெறம் போயிடும், டிபி கிருமி மட்டும் விடாது, அதோட மேல்தோல்ல இருக்குற மெழுகு மாதிரியான மைக்கோலிக் ஆசிட்தான் காரணம். கடைசியா மெத்திலீன் ப்ளூ. நீலத்துக்கு நடுவுல செவப்பா, மெல்லிசா, லேசா வளைஞ்ச குச்சி தெரிஞ்சா பாசிட்டிவ். அந்தக் குச்சியோட நீளம் 2லேர்ந்து 4 மைக்ரான்தான், அதனால ஆயில் விட்டு 1000 மடங்கு பெருசாக்கிப் பாக்கணும். லென்ஸ்ல ஒரு நேரத்துல தெரியுற வட்டத்த ஃபீல்டுன்னு சொல்வோம், அப்படி 100 ஃபீல்டு பாத்து ஒண்ணுமே இல்லைன்னா நெகட்டிவ்னு எழுதலாம். நல்லா கவனிங்க, ஒரு ஃபீல்டு கிட்டத்தட்ட 0.2 மில்லிமீட்டர் அகலம், அப்படி 100 பாத்தாலும் ரெண்டு சென்டிமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் ஸ்மியர்ல, அதாவது தடவுன சளில, ரெண்டு சதவீதம் கூட வராது. மீதி 98 சதவீதத்துல என்ன இருக்குன்னு யாரும் பாக்குறதே இல்ல.

அந்த மீதில சில சமயம் பாராகோனிமஸோட முட்டை இருக்கும். இது நுரையீரல்லயே குடியிருக்குற ஒரு தட்டைப்புழு, சரியா வேகாத நன்னீர் நண்டு வழியா வர்றது, சீனா, கொரியா, லாவோஸ், நம்ம மணிப்பூர், அருணாச்சல் பக்கமெல்லாம் இருக்கு. மாசக்கணக்கா இருமல், துருப்பிடிச்ச நெறத்துல சளி, நடுநடுவுல ரத்தம், எக்ஸ்ரேல டிபி மாதிரியே ஓட்டை. ஆனா ஆளப் பாத்தா ஓரளவு தெம்பாத்தான் இருப்பாங்க, பசி கூட நல்லாவே இருக்கும். முட்டை கிட்டத்தட்ட 80 மைக்ரான், சில சமயம் அதுக்கும் மேல, மஞ்சக் கலந்த பழுப்பு நெறம், ஒரு முனைல மூடி. ஆயில் லென்ஸ்ல அது பார்வை வட்டத்துல பாதிய அடைச்சுக்கும், செவப்புக் குச்சியத் தேடுற கண்ணு அத ஏதோ அழுக்குன்னு தள்ளிட்டுப் போயிடும். இந்த ஸ்டெயின் போட்டா முட்டை சிதைஞ்சிடும்னு ரொம்ப காலமா சொல்லிக்கிட்டு இருந்தாங்க, 2011ல லாவோஸ்ல ஒரு ஆய்வு பண்ணி அதே டிபி ஸ்லைடுலயே முட்டையக் கண்டுபிடிக்க முடியும்னு காட்டிட்டாங்க. அதுக்கு புது மிஷின் எதுவும் வேண்டாம், ஆயில் விடுறதுக்கு முன்னாடி சின்ன லென்ஸ வச்சு ஸ்லைடு முழுக்க ஒரு தடவ ஓட்டிப் பாத்தாப் போதும். எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆராய்ச்சி இது, செலவே இல்லாம ஒருத்தரோட ஆறு மாசத்தக் காப்பாத்துது.

மருந்துலயும் ஒரு சிக்கல் இருக்கு, இது பல பேருக்குத் தெரியாது. இந்தப் புழுவுக்கு பிராசிகுவான்டெல் ரெண்டு மூணு நாள் குடுத்தாலே பெரும்பாலும் சரியாயிடும். ஆனா சந்தேகத்துல டிபி மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருக்குறவங்களுக்கு ரிஃபாம்பிசின் உள்ள போயிருக்கும்ல, அது ஈரலைத் தூண்டிவிட்டு பிராசிகுவான்டெல ரத்தத்துல நிக்கவே விடாது. ரிஃபாம்பிசின நிறுத்தி நாலு வாரம் கழிச்சுத்தான் பிராசிகுவான்டெல் குடுக்கணும்னு மருந்துக் குறிப்புலயே போட்டிருக்கு. அதாவது தப்பான நோய்க்கு ஆரம்பிச்ச மருந்து சரியான நோயோட மருந்தையும் தடுக்குது. "எதுக்கும் குடுத்துப் பாப்போம்"ங்கறதுல ஒண்ணும் கெட்டுடாதுன்னு நினைக்கிறவங்களுக்கு இத ஒண்ணக் காட்டுனாலே போதும்.

இந்தக் குழப்பம் இன்னைக்கு நேத்து வந்ததும் இல்ல. மதனப்பள்ளி பக்கத்துல ஆரோக்கியவரம் டிபி சானடோரியத்துல இருந்த ஃப்ரிமோட்-மோல்லரும் பார்ட்டனும் 1940லயே ஒரு கட்டுரை எழுதுனாங்க. டிபின்னு வந்து சேந்த சில பேரோட எக்ஸ்ரேல பொடிப்பொடியா நிழல், ஆனா சளில கிருமியே இல்ல, ரத்தத்துல மட்டும் ஈசினோபில்ங்கற ஒரு வகை வெள்ளையணு எகிறிக் கெடக்கு, ஆளும் டிபி நோயாளி மாதிரி கொறஞ்சுக்கிட்டே போகல. டிபி மாதிரி நடிக்கிற வேற ஒண்ணுன்னு அப்பவே கண்டுக்கிட்டாங்க. யானைக்கால் புழுவோட குஞ்சுங்க நுரையீரல்ல மாட்டி, உடம்பு அதுமேல காட்டுற ஆத்திரம்தான் இதுன்னு பின்னாடி தெரிஞ்சுது. ராத்திரில இருமல், இழுப்பு, அதனால இன்னைக்கும் பாதிப் பேர ஆஸ்துமான்னு சொல்லி அனுப்பிடுறாங்க. இதுல ராத்திரி ரத்தம் எடுத்துப் பாத்தாலும் பெரும்பாலும் புழு தெரியாது, ஏன்னா அதெல்லாம் நுரையீரல்லயே அடைபட்டுடுது. க்ளூ ஒண்ணே ஒண்ணுதான், சாதாரண ரத்த டெஸ்ட்ல ஈசினோபில் எண்ணிக்கை. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துல 500க்குள்ள இருக்க வேண்டியது 3,000ஐத் தாண்டி நிக்கும். டைஎத்தில்கார்பமசின் மாத்திரை ரெண்டு மூணு வாரம் சாப்பிட்டா பல பேருக்கு இருமல் அடங்கிடும். டிபி சந்தேகத்துல வர்ற ஒவ்வொருத்தரோட ரிப்போர்ட்லயும் அந்த ஈசினோபில் வரி இருக்கத்தான் செய்யுது, அத யாராவது வாசிக்கணும், அவ்வளவுதான்.

மூளைக்குள்ளயும் இதே கதை. திடீர்னு ஃபிட்ஸ் வருது, ஸ்கேன்ல சின்னதா ஒரு வளையம். ஒரு காலத்துல நம்ம நாட்டுல இத டிபி கட்டின்னு எடுத்துக்கிட்டு டிபி மருந்து குடுத்தாங்க, கொஞ்ச மாசத்துல வளையம் மறைஞ்சிடும், "பாத்தீங்களா, மருந்து வேலை செஞ்சிடுச்சு, அப்ப டிபிதான்"னு முடிவு கட்டிடுவாங்க. வேலூர் சிஎம்சில மேத்யூ சாண்டி, ராஜசேகர் குழு அந்தக் கட்டிய எடுத்துச் சோதிச்சுப் பாத்தப்ப அதுல பெரும்பாலானது நாடாப்புழுவோட லார்வா, அதாவது சிஸ்டிசெர்கஸ். அந்தச் சின்ன வளையம் மருந்தே இல்லாம தானாவே மறையக்கூடியதுன்னும் தெரிய வந்துச்சு. 20 மில்லிமீட்டருக்குள்ள, உருண்டையா, மூளைய ஒரு பக்கமாத் தள்ளாம இருந்தா புழுவா இருக்க வாய்ப்பு அதிகம், அதவிடப் பெருசா, ஒழுங்கில்லாத வடிவத்துல இருந்து கை கால் பலவீனமும் கூடிக்கிட்டே போனா டிபி கட்டியா இருக்க வாய்ப்பு அதிகம்னு 1993ல ஒரு அளவுகோல் குடுத்தாங்க. நூத்துக்கு நூறு சரியா வரும்னு இல்ல, ஆனா தலையத் திறக்காமலே எத்தன பேருக்கு வழி காட்டிருக்கு! (பன்னிக்கறி சாப்பிடாதவங்களுக்கு இது வராதுன்னு இன்னும் நம்புறாங்க. புழு முட்டை கலந்த தண்ணி, சாப்பாடு, கழுவாத கை வழியாத்தான் மூளைக்குப் போகுது, யாருக்கு வேணா வரலாம்.) மருந்து குடுத்தோம், சரியாச்சு, அதனால அந்த நோய்தான்ங்கற வாதம் எவ்வளவு பொய்யானதுன்னு எனக்குப் புரியவச்சது இந்த ஆராய்ச்சிதான்.

டிபியும் புழுவும் ரெண்டுமே ஒரே ஆள்கிட்ட இருந்தா இன்னும் பயம். டிபி மூளைக்காய்ச்சலுக்கு மருந்தோட டெக்ஸாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டு சேத்துக் குடுத்தா சாவு குறையுதுன்னு 2004ல வியட்நாம் ஆய்வு காட்டுச்சு, அதுலேர்ந்து அது வழக்கமாயிடுச்சு, நல்ல விஷயம். ஆனா அதே ஆளோட குடல்ல ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழு இருந்தா? அது உடம்புக்குள்ளயே திரும்பத் திரும்பப் பெருகி பல வருஷம் சத்தமே இல்லாம இருக்கக்கூடியது, ஸ்டீராய்டு உள்ள போனதும் கட்டுமீறிப் பெருகி, குடல் சுவரத் துளைச்சுக்கிட்டு குடல் பாக்டீரியாவயும் கூட்டிக்கிட்டு ரத்தத்துக்குப் போயிடும். ஒரு தடவ மலம் பாத்து இல்லைன்னு சொல்லிட முடியாது. அகார் தட்டுல, அதாவது பாக்டீரியா வளக்குற ஜெல்லி மாதிரியான தட்டுல, கொஞ்சம் மலத்த வச்சுட்டு ரெண்டு மூணு நாள் விட்டா, லார்வா ஊர்ந்து போன தடத்துல பாக்டீரியா புள்ளி புள்ளியா வளைஞ்சு வளைஞ்சு முளைச்சிருக்கும், புழு கண்ணுல படலன்னாலும் அந்தத் தடம் காட்டிக் குடுத்துடும். இருக்குன்னு தெரிஞ்சா ஐவர்மெக்டின் இருக்கு.

கிருமியோட டிஎன்ஏவத் தேடுற ஜீன்எக்ஸ்பர்ட் டெஸ்ட் வந்த பிறகு டிபி பக்கம் நெலமை ரொம்ப மாறிடுச்சு, 2010ல உலக சுகாதார அமைப்பு ஒத்துக்கிட்டது, ரெண்டு மணி நேரத்துல கிருமி இருக்கா, ரிஃபாம்பிசின் கேக்குமா ரெண்டையும் சொல்லிடும். ஆனா அது செத்த கிருமியோட டிஎன்ஏவையும் எண்ணும், அதனால கோர்ஸ் முடிச்சவங்களுக்கு பாசிட்டிவ் வந்தா உடனே பதறக்கூடாது. மலேரியா டெஸ்ட் ஸ்ட்ரிப்லயும் காலா அசார்ங்கற ஒட்டுண்ணிக் காய்ச்சலுக்கான ஸ்ட்ரிப்லயும் இதே பிரச்சினைதான், முதல்ல சொன்னது குணமாகி சில வாரம் வரைக்கும், ரெண்டாவது வருஷக்கணக்கா பாசிட்டிவாவே நிக்கும். மருந்துலயும் மருந்துக்கு அடங்காத டிபிக்கு ஒன்றரை ரெண்டு வருஷம் இழுத்தது பெடாகுவிலின், பிரிட்டோமனிட், லினசோலிட் கூட்டணில ஆறு மாசமா குறைஞ்சிருக்கு. புழுவுக்கு மட்டும் நாம இன்னும் 1970கள்ல வந்த பிராசிகுவான்டெல், அல்பெண்டசோலையே நம்பி இருக்கோம். இந்தப் பக்கமும் அதே வேகம் வரணும்னு ஆசையா இருக்கு.

குழந்தைங்க விஷயத்துல ஒரு நல்ல வாய்ப்பு வந்திருக்கு. அவங்களுக்கு சளியத் துப்பத் தெரியாது, முழுங்கிடுவாங்க, அது மலத்துல வந்துடும், அதனால குழந்தைங்களுக்கு மலத்துலயே ஜீன்எக்ஸ்பர்ட் பண்ணலாம்னு உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்குது. அந்த டப்பா எப்படியும் லேபுக்கு வரத்தானே போகுது, அதுல ஒரு பங்க புழு முட்டைக்கும் லார்வாவுக்கும் பாத்தா என்ன? வந்த ஒடனே ரெண்டா பிரிச்சுடணும், புழுவுக்கான பங்க ஃப்ரிட்ஜ்ல வைக்கக்கூடாது, ஃபார்மலின் ஊத்துறதுக்கு முன்னாடி அகார் தட்டுக்குத் தேவையானத எடுத்துடணும், லார்வா உயிரோட இருந்தாத்தான் ஊரும். டாக்டருங்க ரிக்வெஸ்ட் ஃபாரத்துல ரெண்டு டெஸ்டையும் சேத்தே எழுதி அனுப்புங்க.