சில்லு நின்ற பிறகு

2021ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், நான்கு வயது நிரம்பிச் சில மாதங்களே ஆகியிருந்த என் மகள், சுவிற்சர்லாந்தின் பேர்ண் மாநிலத்தில் உள்ள ஒரு சிறிய ஊரில் கிண்டர்கார்டனுக்குப் போகத் தொடங்கினாள். இங்கே கிண்டர்கார்டனின் இரண்டு ஆண்டுகளும் 11 ஆண்டுக் கட்டாயக் கல்வியின் பகுதியே. அது தொடங்குமுன் நடந்த முதற் பெற்றோர் கூட்டத்தில் தந்த தாளில், வகுப்பறைக்குள் அணியும் செருப்பு, மழைக் காற்சட்டை, காலை ஒன்பது மணிச் சிற்றுண்டியான ‘ஸ்நூனி’க்கு இனிப்பின்றிப் பழமோ கரட்டோ என்று பலவும் எழுதியிருந்தன. அவற்றின் அடியில், சில வாரங்களுக்குப் பிறகு பிள்ளை தானாகவே நடந்து வரும்படி பழக்குங்கள் என்று ஒரு வரியும் இருந்தது. அந்த வரியை மட்டும் நான் மூன்று முறை வாசித்தேன்.

பிள்ளைகள் நடந்து பள்ளிக்கூடம் போவது எனக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் நானும் பாலர் பாடசாலைக்கு ஒழுங்கையால் நடந்துதான் போனேன். ஆனால் அந்த ஒழுங்கையின் ஒவ்வொரு படலையிலும் ஒரு மாமியோ பெரியம்மாவோ நின்றார்கள். நான் வேலிக்குள் கைவிட்டுப் பூப்பறித்தால் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். நான் ஒழுங்காக நடந்தது ஒழுங்கின் மேலுள்ள விருப்பத்தினாலா, அந்தக் கண்களுக்குப் பயந்தா என்று அப்போது எவரும் என்னைக் கேட்டதில்லை. இங்கே படலைகளும் இல்லை, மாமிகளும் இல்லை. வீட்டிலிருந்து கிண்டர்கார்டனுக்கு ஏறக்குறைய 600 மீற்றர். இடையில் ஒரு தெருவைக் கடக்க வேண்டும்.

ஆகவே யூலை மாதத்திலேயே பயிற்சியைத் தொடங்கினேன். வலப்பக்கம் பார், பிறகு இடப்பக்கம் பார், மறுபடியும் வலப்பக்கம் பார் என்று நாள்தோறும் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளையும் தலையை அப்படியே திருப்பப் பழகிவிட்டாள். கிண்டர்கார்டன் தொடங்கிச் சில வாரங்களில், மாநிலப் பொலிசின் போக்குவரத்துப் பயிற்றுநர் ஒருவர் வந்து பிள்ளைகளைத் தெருவுக்கு அழைத்துச் சென்று பழக்கினார். அன்று மாலை மகள், “அம்மா, நீங்கள் சொன்ன பக்கம் பிழையாம்” என்றாள். எனக்கு உறைத்தது. இலங்கையில் வாகனங்கள் இடப்பக்கமாக ஓடுவதால் முதலில் வலப்பக்கம் பார்க்க வேண்டும். இங்கே வலப்பக்கமாக ஓடுவதால் அருகில் வரும் வாகனம் இடப்பக்கத்திலிருந்தே வரும். ஏழு ஆண்டுகளாக இந்நாட்டில் வாழ்ந்தும் என் கழுத்து ஊரிலேயே நின்றிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சீருடை அணிந்த ஒருவர் நான்கு வயதுப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற காட்சியைத் தொலைவிலிருந்து பார்த்தபோது என் வயிறு ஒருமுறை இறுகியது. என் பள்ளிக் காலத்தில் காவலரண் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போக வேண்டும். சீருடைக்கு முன்னால் விதி என்பதன் பொருள் எனக்கு அதுதான். என் மகளோ அந்தப் பொலிஸ்காரரின் பெயரை வீட்டில் பலமுறை சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அவர் கற்பித்தவை நான்கு சொற்கள்: ‘வார்த்தெ, லுவெகெ, லோசெ, லௌஃபெ’. நில், பார், கேள், நட என்பது பொருள். அவற்றோடு, வாகனங்களின் சில்லு முழுதாக நின்ற பிறகே கால் வைக்கலாம் என்பதும் ஒரு விதி. இந்த இரண்டாவது விதியின் அருமையை நான் ஒக்ரோபரில்தான் விளங்கிக்கொண்டேன். செம்மஞ்சள் நிறத்தில் மின்னும் முக்கோணப் பட்டியை மகள் மார்பில் அணிந்து முன்னே போக, நான் பத்து அடி பின்னால் நடந்தேன். (ஊரில் நாங்கள் ‘மஞ்சள் கோடு’ என்று சொல்லிப் பழகிய கடவை இங்கே உண்மையிலேயே மஞ்சளாக இருக்கிறது.) வந்த காரை ஓட்டிய முதியவர் நல்ல மனத்தோடு, போ என்று கையசைத்தார். கார் இன்னும் மெல்ல உருண்டுகொண்டிருந்தது. அவர் முகத்தைப் பார்த்த மகள் உடனே இறங்கிவிட்டாள். கார் அவளுக்கு இரண்டு மீற்றர் முன்னால் நின்றது. எதுவும் நடக்கவில்லை, ஆனாலும் அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

நவம்பரில் ஆசிரியையுடனான சந்திப்பில் இதைச் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, வகுப்பிலும் உங்கள் மகள் எதையாவது தெரிவு செய்யச் சொன்னால் பொருளைப் பார்ப்பதில்லை, என் முகத்தைத்தான் பார்க்கிறாள், எது சரியான விடை என்று அங்கே தேடுகிறாள் என்றார். குற்றம் சாட்டும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. எனினும் அது எங்கள் வீட்டைப் பற்றியது என்பது எனக்குத் தெரிந்தது. ‘சொல்வழி கேட்கிற பிள்ளை’ என்பதைவிடப் பெரிய பாராட்டு எங்கள் குடும்பத்தில் கிடையாது. அந்தச் சொல்வழி கேட்டுத்தான் அவள் முன்பின் தெரியாத முதியவரின் கையசைவுக்கும் கீழ்ப்படிந்திருக்கிறாள்.

அதன் பிறகு வீட்டில் சிலவற்றை மாற்ற முயன்றோம். எனக்குச் சம்மதமான இரண்டைக் காட்டி ஒன்றை அவளைத் தெரிவு செய்யவிடுவது எளிதாகத் தோன்றியது. செய்யும்போதுதான் என் பேச்சே தடையாக இருப்பது தெரிந்தது. “பல் தீட்டுவமா?” என்று நான் கேட்பது கேள்வியல்ல, இனிப்புப் பூசிய கட்டளை. தெரிவு செய்யக் கற்றுக்கொண்ட மகள் ஒருநாள் “வேண்டாம்” என்றாள். நானே கதவைத் திறந்துவிட்டு, நுழைந்தவளை ஏசினேன். மெல்ல மெல்லத்தான், தெரிவு இல்லாத இடத்தில் கேள்வி கேட்பதை நிறுத்தினேன்: பல் தீட்ட வேண்டும், நீல நிறத் தூரிகையா சிவப்பா என்பதை நீ சொல். ஐந்து நிமிடத்தில் முடியும் சப்பாத்து மாட்டலுக்கு இருபது நிமிடம் காத்திருந்த காலைகளும் உண்டு. இரண்டு முறை வேலைக்குப் பிந்திப் போனேன். தொலைபேசியில் அம்மா, “அடியாத மாடு படியாது” என்றார். பூவரசந் தடியின் நினைவு எனக்கும் இருக்கிறது. ஆனால் தடி கண்ணில் படாத நேரங்களில் நான் என்னவெல்லாம் செய்தேன் என்பதும் நினைவிருக்கிறது.

2022 கோடையில் என் பெரியமாமா லண்டனிலிருந்து வந்திருந்தார். பேத்தியைக் கூட்டிவரத் தானும் வருகிறேன் என்று என்னோடு புறப்பட்டார். திரும்பும் வழியில் அவர் அவளின் கையைப் பிடித்துக்கொண்டு கடவையடியில் நின்று, லண்டன் வழக்கப்படி வலப்பக்கம் பார்த்து, “ஒண்டும் வரேல்லை, வா பிள்ளை” என்று ஒரு காலை வீதியில் வைத்தார். மகள் அசையவில்லை. அவர் இழுத்தார், அவள் இரண்டு கால்களையும் ஊன்றிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். இடப்பக்கத்திலிருந்து தபால்காரரின் மஞ்சள் நிற மூன்று சில்லு வண்டி வந்தது. மின்சாரத்தில் ஓடுவதால் அதன் சத்தம் கேட்பதேயில்லை. மாமா காலைப் பின்னுக்கு எடுத்தார். தபால்காரர் வண்டியை மெதுவாக்கிச் சிரித்துக் கையசைத்தார். அப்போதும் அவள் போகவில்லை. வண்டி நின்றது. அவள் குனிந்து சில்லுகளைப் பார்த்தாள்.

“பெரிய ஆக்கள் கூப்பிட்டா வரமாட்டாளோ இவள்?” என்று மாமா என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார். நான் பதில் யோசிப்பதற்குள், “இப்ப வாங்கோ, தாத்தா” என்று அவரின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் இறங்கிவிட்டாள்.